பழைய வழியை மறக்கும் வித்தை

ஒரே நாளில் இரண்டு ஃபைபர் கேபிள்கள் அறுபடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலாவது, இரண்டு ஊர்களுக்கு நடுவே தொலைத்தொடர்பு நிறுவனம் பதித்த முதன்மைக் கேபிள். சாலை விரிவாக்கத்துக்கு வந்த ஜேசிபி அதைப் பிய்த்துப் போட்டுவிட்டது. நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களின் தகவல் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது, ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டாவது, ஒரு கிடங்கின் வாசலுக்கு வரும் சின்னக் கேபிள். கிடங்குக்கு மாற்று இணைப்பு ஏற்கெனவே இருந்தது. ஒரு செகண்டுக்குள் அது வேலைக்கு வந்தும்விட்டது. ஆனாலும் அங்கே பில் அச்சடிக்கும் பிரின்டர் சில நிமிடங்கள் செத்துக் கிடந்தது. தலைமை அலுவலகம் அனுப்பிய ஒரு பில்லும் வரவில்லை. பிறகு யாரும் கை வைக்காமலே சரியாகிவிட்டது.

பெரிய வெட்டு வலிக்கவில்லை, சின்ன வெட்டு வலித்தது. பல ஊர்க் கிளைகளை ஒரே வலையாகக் கட்டும் 'விர்ச்சுவல் பிரைவேட் லேன் சர்வீஸ்', அதாவது விபிஎல்எஸ், பழுதை எப்படிச் சமாளிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த முரண்தான் சரியான நுழைவாயில்.

விபிஎல்எஸ் தருவது ஒரு வசதியான பொய்த்தோற்றம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிளைகளின் கணினிகளெல்லாம், ஒரே அறையில் ஒரே ஸ்விட்சில் செருகியிருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். இணையத் தொழில்நுட்பங்களுக்கு விதி வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு, இதற்கான இரண்டு வரைமுறைகளை 2007 ஜனவரியில் வெளியிட்டது. ஆர்எஃப்சி 4761 என்பது பிஜிபி நெறிமுறையைக் கொண்டு கட்டுவது. ஆர்எஃப்சி 4762 எல்டிபியைக் கொண்டு கட்டுவது. இரண்டிலும் நிறுவனத்தின் ஒவ்வொரு கிளையும் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் எல்லை ரவுட்டர் ஒன்றில் வந்து சேரும். துறையில் அதை பிஇ என்பார்கள். பிஇ-க்கள் தங்களுக்குள் 'சூடோவயர்' எனப்படும் மாயக் கம்பிகளால் பிணைந்திருக்கும்.

ஸ்விட்ச் போலவே தோன்ற வேண்டுமென்றால் ஸ்விட்சின் குணமும் கூடவே வந்துவிடும். அந்தக் குணம் ஒட்டுக்கேட்பது. ஈதர்நெட்டில் இயங்கும் ஒவ்வொரு கருவிக்கும் 48 பிட் நீளமுள்ள மேக் முகவரி உண்டு. எந்தக் கருவி எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஸ்விட்சுக்கு யாரும் சொல்வதில்லை. தன்னைக் கடந்து போகும் ஒவ்வொரு ஃபிரேமிலும் அனுப்புநர் முகவரியைப் பார்த்து, 'இவர் இந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறார்' என்று அதுவே ஃபார்வர்டிங் டேபிளில் குறித்துக்கொள்கிறது. பெறுநர் எங்கே இருக்கிறார் என்று தெரியாவிட்டால் எல்லாப் பக்கமும் நகல் அனுப்பிவிடும். ஒரு முகவரியிலிருந்து வெகுநேரம் சத்தமே இல்லையென்றால் அந்தப் பதிவை அழித்துவிடும். வழக்கமான கெடு 300 செகண்ட். 1980-களில் ஒரே கட்டடத்துக்குள் இருந்த வலைகளுக்காகப் பிறந்த ஏற்பாடு இது. கட்டடத்துக்குள் அருமையாக வேலை செய்தது. அதையே மாநிலம் தாண்டி நீட்டும்போதுதான் சிக்கல்.

முதல் வெட்டைப் பார்ப்போம். பிஇ-யிலிருந்து கிளம்பும் ஃபிரேமின் மேல் இரண்டு லேபிள்கள் ஒட்டப்படுகின்றன. வெளி லேபிள், நடுவில் உள்ள ரவுட்டர்களுக்குப் பாதையைச் சொல்கிறது. உள் லேபிள், இது எந்த வாடிக்கையாளரின் வலை என்று மறுமுனை பிஇ-க்குச் சொல்கிறது. முதன்மைக் கேபிள் அறுந்ததும், வெட்டுக்குப் பக்கத்தில் உள்ள ரவுட்டர் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருந்த சுற்றுவழியில் ஃபிரேமைத் திருப்பிவிடும். அதற்காக மேலே இன்னொரு லேபிளை ஒட்டும், அவ்வளவுதான். 'ஃபாஸ்ட் ரீரூட்' என்ற இந்த முறையை 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4090 விவரிக்கிறது. 50 மில்லிசெகண்டுக்குள் முடித்துவிட வேண்டும் என்பது பொறியாளர்கள் வைத்துக்கொள்ளும் இலக்கு. இங்கே கவனிக்க வேண்டியது, மாறியது பாதை மட்டுமே. 'இந்தக் கருவி அந்த பிஇ-யின் பின்னால் இருக்கிறது' என்ற பதிவு இன்னும் உண்மைதான். எவரும் எதையும் மறக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வெட்டில் அந்தப் பதிவே பொய்யாகிப் போகிறது. கிடங்கு இரண்டு பிஇ-க்களோடு இணைந்திருக்கிறது. ஒரு சமயத்தில் ஒன்றுதான் இயங்கும், மற்றது காத்திருக்கும். முதல் பிஇ-யின் கேபிள் அறுந்ததும் கிடங்கின் போக்குவரத்து இரண்டாவதுக்கு மாறிவிடுகிறது. தலைமை அலுவலகத்துப் பக்கம் இருக்கும் மூன்றாவது பிஇ-க்கு இது தெரியாது. அதற்கும் முதல் பிஇ-க்கும் நடுவே உள்ள சூடோவயர் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது. எனவே பிரின்டருக்கான ஃபிரேம்களைப் பழைய பதிவின்படி அங்கேயே அனுப்பிக்கொண்டிருக்கும். முதல் பிஇ அவற்றை வாங்கும்; கொடுக்க வழியில்லாமல் கீழே போடும். துறையில் இதற்கு 'பிளாக் ஹோல்' என்றே பெயர்.

அப்படியானால் கிடங்கில் உள்ள கணினிகள் ஏன் தப்பின? அவை ஓயாமல் பேசுபவை. புதிய வழியில் முதல் ஃபிரேமை அனுப்பிய கணமே மூன்றாவது பிஇ அவற்றின் இடத்தைத் திருத்திக்கொண்டது. பிரின்டரோ கூப்பிட்டால் மட்டும் பதில் சொல்லும் ரகம். அது வாய் திறக்காததால் பழைய பதிவு அப்படியே நின்றது. 300 செகண்ட் தீர வேண்டும், அல்லது பில் அனுப்பும் தலைமை அலுவலக சர்வர் 'இந்த ஐபி யாருடையது' என்று வலை முழுக்க ஒலிபரப்பிக் கேட்டு, பிரின்டர் பதில் தர வேண்டும். அதுவரை இருட்டுத்தான்.

மாற்று வழி கண்டுபிடிப்பது பாதி வேலைதான். பழையதை எல்லோரையும் மறக்கச் செய்வதே மீதிப் பாதி, அதுவே கடினமான பாதி. ஆர்எஃப்சி 4762 இதற்கென்று ஒரு செய்தியை வகுத்திருக்கிறது: மேக் முகவரி திரும்பப் பெறும் செய்தி. புதிதாகப் பொறுப்பேற்ற பிஇ மற்றவர்களுக்கு இதை அனுப்பும். முகவரிகளைப் பட்டியலிட்டும் அனுப்பலாம். பட்டியலைக் காலியாக விட்டு அனுப்பினால், 'என்னிடமிருந்து கற்றதைத் தவிர இந்த வலையில் மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடு' என்று பொருள். கிடைத்தவுடன் பதிவுகள் அழியும். அடுத்து வரும் ஃபிரேம் எல்லாப் பக்கமும் போகும், பிரின்டரையும் எட்டும், பதில் வந்ததும் புதிய இடம் பதிவாகும். ஐந்து நிமிடம் ஒரு நொடியாகச் சுருங்கிவிடுகிறது.

ஆனால் எல்லாவற்றையும் மறப்பதற்கு விலை உண்டு. அறுந்தது ஒரு கிடங்கின் கேபிள். மறக்கப்பட்டதோ வெட்டுக்குச் சம்பந்தமே இல்லாத மற்றக் கிளைகளின் முகவரிகளும்தான். விபிஎல்எஸ்ஸில் ஒவ்வொரு பிஇ-யும் மற்ற எல்லா பிஇ-யோடும் நேரடியாகப் பிணைந்திருக்கும். 10 பிஇ என்றால் 45 இணைப்புகள். 40 என்றால் 780. முகவரி தெரியாத ஒரு ஃபிரேம் வந்தால் 40-இல் ஒரு பிஇ 39 நகல்கள் போட வேண்டியிருக்கும். கேபிள் ஒன்று சரியாக ஒட்டாமல் நிமிடத்துக்கு நான்கு முறை போய்ப் போய் வந்தால், அத்தனை முறையும் இந்த வெள்ளம் எழும். இதைத் திருத்த 2014-இல் ஆர்எஃப்சி 7361 வந்தது. அதன் கருத்து எளியது: பழுது கண்ட பிஇ-யே முன்வந்து, 'என்னிடமிருந்து கற்றதை மட்டும் மறந்துவிடு' என்று சொல்லட்டும். மறதியும் அளவோடு இருக்க வேண்டும் என்று துறை கற்றுக்கொண்ட இடம் இது.

நகல்கள் பெருகுவதைக் கண்டு பொறியாளர்கள் இவ்வளவு அஞ்சுவதற்கு வலுவான காரணம் இருக்கிறது. ஐபி பொட்டலத்துக்கு ஆயுள் எண் உண்டு. ரவுட்டரைத் தாண்டத் தாண்ட அது குறைந்து, பூஜ்யமானதும் பொட்டலம் சாகும். ஈதர்நெட் ஃபிரேமுக்கு அது கிடையாது. வட்டப்பாதையில் சிக்கினால் சுற்றிக்கொண்டே இருக்கும், போகிற இடத்தில் நகலும் எடுக்கும். 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் வலை ஏறக்குறைய நான்கு நாட்கள் முடங்கியது. வட்டப்பாதை வராமல் காப்பதற்காக ரேடியா பெர்ல்மன் 1985-இல் வடிவமைத்த 'ஸ்பானிங் ட்ரீ' நெறிமுறையைத்தான் அந்த வலை நம்பியிருந்தது. ஆனால் வலையின் ஒரு பகுதி, அந்த நெறிமுறைக்குரிய 7 தாவல்கள் (ஸ்விட்சிலிருந்து ஸ்விட்சுக்கு) என்ற வரம்பை மீறி வளர்ந்திருந்தது. மருத்துவர்களும் செவிலியர்களும் காகிதத்துக்குத் திரும்பினார்கள். மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு என்று எல்லாம் கைக்குக் கைதான் போனது. மருத்துவமனையின் தகவல் தொழில்நுட்பத் தலைவராக இருந்த ஜான் ஹலாம்கா நடந்ததை மறைக்காமல் வெளியே சொன்னார். மற்ற நிறுவனங்கள் பாடம் படிக்க வழிசெய்த நேர்மை அது.

விபிஎல்எஸ் தன் நடுப்பகுதியில் ஸ்பானிங் ட்ரீயை நம்பவில்லை. அங்கே ஒரே ஒரு கண்டிப்பான விதி: ஒரு சூடோவயர் வழியாக வந்த ஃபிரேமை இன்னொரு சூடோவயருக்குள் அனுப்பாதே. எல்லோரும் எல்லோருடனும் நேரடியாகப் பிணைந்திருப்பதால் இன்னொருவர் மூலம் அனுப்ப வேண்டிய அவசியமும் இல்லை. இந்த விதி இருக்கும்வரை நடுவில் வட்டப்பாதைக்கு இடமே இல்லை.

இன்னொரு தொல்லையையும் சொல்ல வேண்டும். கேபிள் அறுந்ததும் பிஇ-யில் அது செருகியிருக்கும் இடத்தின் விளக்கு அணையும் என்பது எப்போதும் உண்மையல்ல. பிஇ-க்கும் கிடங்குக்கும் நடுவே மீடியா கன்வர்ட்டர் போன்ற பெட்டி இருந்தால், அறுந்தது அந்தப் பக்கம். இந்தப் பக்கம் விளக்கு பச்சையாகவே எரியும். அதனால் இரு முனைகளும் ஒன்றையொன்று விடாமல் விசாரித்துக்கொள்கின்றன. ஐஇஇஇ 802.1ஏஜி தரப்படி இந்த விசாரிப்பை 3.3 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைகூட அனுப்பலாம். தொடர்ந்து மூன்றுக்கு மேல் தவறினால் இணைப்பு போய்விட்டதாக முடிவு. கண்டுபிடிக்காத பழுதுக்கு எந்த மறதிச் செய்தியும் கிளம்பாது.

ஒட்டுக்கேட்டுக் கற்கும் பழக்கத்தையே பிஇ-க்களுக்கு நடுவில் கைவிட்டது அடுத்த தலைமுறை. 2015 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 7432 ஆக வெளிவந்த இவிபிஎன்-இல், தன் பின்னால் இருக்கும் மேக் முகவரிகளை பிஇ-யே பிஜிபி மூலம் மற்றவர்களுக்கு அறிவிக்கிறது. இரண்டு பிஇ-க்களோடு இணைந்த கிடங்குக்குத் தனி அடையாள எண் உண்டு. கேபிள் அறுந்தால், ஆயிரம் முகவரிகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறாமல், அந்த எண்ணுக்கான ஒரே அறிவிப்பைத் திரும்பப் பெற்றால் போதும். தூரத்து பிஇ-க்கள் அத்தனை முகவரிகளையும் ஒரேயடியாக மாற்று வழிக்குத் திருப்பிவிடும். வெள்ளம் எழுவதில்லை. ஒரு முகவரி இங்கும் அங்கும் தாவினால், 180 செகண்டுக்குள் 5 முறை என்ற வழக்கமான வரம்பைத் தொட்டதும் சந்தேகப் பட்டியலில் சேரும்.

ஆயினும் பழைய விபிஎல்எஸ் வலைகளை ஒரே இரவில் பெயர்க்க முடியாது. இரண்டும் கூடிவாழும் முறையை 2019-இல் வந்த ஆர்எஃப்சி 8560 வகுத்தது. அப்படிப்பட்ட கலப்பு வலையில், பழைய பிஇ-க்களின் பின்னால் உள்ள கருவிகளை இன்னும் ஒட்டுக்கேட்டுத்தான் கற்க வேண்டும். அங்கே 300 செகண்ட் கெடுவும் மறதிச் செய்தியும் வேலையில்தான் இருக்கின்றன. ஆகவே புதிய இணைப்பை வாங்கும் நிறுவனம், கேபிளைப் பிடுங்கிச் சோதிக்கும்போது கிடங்கிலிருந்து தலைமை அலுவலகத்துக்கு பிங் அனுப்பிப் பார்ப்பதோடு நிற்கக் கூடாது. அந்த பிங்கே கணினியின் புதிய இடத்தைக் கற்றுக்கொடுத்துவிடும், சோதனை தேறியதாகத் தோன்றும். தலைமை அலுவலகத்திலிருந்து பிரின்டர், கதவுப் பூட்டு, அறிவிப்புத் திரை போன்ற வாய் திறக்காத கருவிகளை நோக்கி அனுப்பிப் பார்க்க வேண்டும். எத்தனை செகண்டில் பதில் வருகிறது என்று கடிகாரத்தோடு குறித்துக்கொள்ள வேண்டும்.