மழலையர் தோட்டத்தில் ஆசிரியராவது எப்படி?

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல், மே மாதங்களில் பரிந்துரைக் கடிதம் கேட்டுப் பங்கு இல்லத்திற்கு வரும் இளம்பெண்களை நாம் பார்க்கிறோம். ப்ளஸ் டூ முடித்தவர்களும் பட்டம் பெற்றவர்களும் அவர்களில் உண்டு. "எல்.கே.ஜி. டீச்சர் வேலைதான் ஃபாதர். சின்னப் பிள்ளைங்கதானே, சமாளிச்சிடலாம்" என்பார்கள். கணக்கும் அறிவியலும் நடத்தத்தான் பயிற்சி வேண்டும், 'அ, ஆ' சொல்லித்தர யாரும் போதும் என்ற எண்ணம் பெற்றோர் பலரிடமும் சில பள்ளி நிர்வாகங்களிடமும் வேரூன்றியிருக்கிறது. அதனால்தான் பள்ளியிலேயே மிகக் குறைந்த ஊதியம் பெரும்பாலும் மழலையர் வகுப்பு ஆசிரியைக்குக் கிடைக்கிறது.

உண்மை இதற்கு நேர்மாறானது. ஆறு வயதுக்குள் குழந்தையின் மூளை, பெரியவர்களின் மூளை அளவில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. மொழி, நம்பிக்கை, அச்சம், பிறரோடு பழகும் முறை ஆகிய அனைத்திற்கும் அடித்தளம் இந்த ஆண்டுகளில்தான் இடப்படுகிறது. அடித்தளத்திற்குத் தேர்ந்த கொத்தனாரை அழைக்காமல், மேல்மாடிக்கு மட்டும் அழைப்போமா? இந்தப் பணிக்கு வர விரும்புகிறவர்கள் எவ்வாறு தங்களைத் தயாரிக்க வேண்டும், தங்களுக்கென ஒரு கல்விக் கோட்பாட்டை எவ்வாறு உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்று இங்கே சிந்திப்போம்.

தோட்டம் என்ற பெயர் வந்த கதை

'கிண்டர்கார்டன்' என்பது ஜெர்மானியச் சொல். 'கிண்டர்' என்றால் குழந்தைகள், 'கார்டன்' என்றால் தோட்டம். பிரெடரிக் புரோபல் என்ற கல்வியாளர் 1837-இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சிறு குழந்தைகளுக்காக ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, 1840-இல் அதற்கு இப்பெயரைச் சூட்டினார். அவர் 'பள்ளி' என்ற சொல்லைத் தவிர்த்தார் என்பது கவனிக்கத்தக்கது. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பயிரிடும் விவசாயி மொட்டைக் கையால் விரித்துப் பூவாக்குவதில்லை. மண்ணைப் பதப்படுத்துகிறார், நீர் பாய்ச்சுகிறார், களை எடுக்கிறார். மலர்வது செடியின் வேலை. மழலையர் ஆசிரியரின் பணியும் இத்தகையதே.

நமது மாவட்டத்தில் வாழ்ந்த ஆசிரியை

இக்கருத்தை உலகெங்கும் நடைமுறையாக்கிய மரியா மாண்டிசோரி அம்மையார் இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் வாழ்ந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1870-இல் இத்தாலியில் பிறந்த இவர், 1896-இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1907 ஜனவரி 6 அன்று உரோமை நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பான சான் லொரென்சோவில் முதல் 'குழந்தைகள் இல்லத்தை'த் திறந்தார். பெற்றோர் வேலைக்குப் போனபின் படிக்கட்டுகளிலும் சுவர்களிலும் குறும்பு செய்துகொண்டிருந்த குழந்தைகள்தான் அவருடைய முதல் மாணவர்கள். விடியும் முன்னரே மில் வேன் ஏறிவிடும் தாய்மார்களின் குழந்தைகளை நாம் அறிவோம். அவர்களைப் போன்றவர்களே அவர்களும்.

அங்கே ஒரு சிறுமி, மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்தும் பயிற்சியை நாற்பது முறைக்கு மேல் திரும்பத் திரும்பச் செய்தாள். சுற்றிலும் குழந்தைகள் பாடியதும் ஆடியதும் அவள் கவனத்தைக் கலைக்கவில்லை. முடித்தபோது களைப்பின்றி மகிழ்ச்சியாக எழுந்தாள். 'சிறு பிள்ளைக்குக் கவனம் நிற்காது' என்ற எண்ணம் அன்றே ஆட்டம் கண்டது. ஏற்ற வேலை கிடைத்தால் நிற்கும் என்று அந்தச் சிறுமி காட்டிவிட்டாள்.

1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பின்பேரில் அம்மையாரும் அவர் மகன் மரியோவும் சென்னை அடையாறு வந்தனர். அங்கு நடந்த முதல் பயிற்சி வகுப்பில் சுமார் 300 பேர் கலந்துகொண்டனர். 1940 ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கிலேய அரசின் பார்வையில் இருவரும் பகைநாட்டவர் ஆயினர். மரியோ காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரின் 70-ஆம் பிறந்தநாளன்று, 1940 ஆகஸ்டு 31-இல், அரசு அவரை விடுவித்தது. ஆயினும் பயணக் கட்டுப்பாடுகள் தொடர்ந்தன.

1942 முதல் 1944 வரை அவர்கள் கொடைக்கானலில் தங்கினர். அப்போது அது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. 1985-இல் திண்டுக்கல் மாவட்டம் உருவானபோது நம்மோடு இணைந்தது. அங்கே பல வயதுக் குழந்தைகள் ஒன்றாகப் பயிலும் ஒரு சிறு பள்ளியை நடத்தினர். செடி, பூச்சி, மண், நீர் ஆகியவை எவ்வாறு ஒன்றையொன்று சார்ந்திருக்கின்றன என்பதைக் குழந்தைகளோடு சேர்ந்து கவனித்தனர். படைப்பு முழுவதையும் ஒரே குடும்பமாகக் காணும் அவருடைய கல்விச் சிந்தனை இங்குதான் வளர்ந்து முதிர்ந்தது. இந்தியாவில் வாழ்ந்த ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்து, 1949-இல் விடைபெற்றார். கத்தோலிக்கரான இவர், பார்சலோனாவில் நடத்திய மறைக்கல்வி முயற்சியில், திருப்பலிக்கான கோதுமையையும் திராட்சையையும் குழந்தைகளையே பயிரிடச் செய்தார். ஞாயிறு மறைக்கல்வி ஆசிரியர்கள் இதை மனத்தில் இருத்தலாம்.

பயிற்சியில் கற்பது என்ன?

முதலாவது, உற்றுநோக்குதல். மாண்டிசோரி பயிற்சி பெறுவோர் பல மணி நேரம் வகுப்பின் ஓரத்தில் அமர்ந்து, பேசாமல், குழந்தைகளைக் கவனித்துக் குறிப்பெழுதுகிறார்கள். 'இவன் அடங்காதவன்' என்று எழுதக் கூடாது. 'பத்து நிமிடத்தில் நான்கு முறை எழுந்தான்; தண்ணீர் ஊற்றும் பயிற்சியில் மட்டும் உட்கார்ந்திருந்தான்' என்று எழுத வேண்டும். முதலாவது தீர்ப்பு; இரண்டாவது கவனிப்பு. தீர்ப்பு வழியை அடைக்கிறது. கவனிப்பு, நாளை அவனுக்கு எதைக் கொடுக்கலாம் என்று சொல்லித்தருகிறது.

இரண்டாவது, சூழலைத் தயாரித்தல். அலமாரி குழந்தையின் கைக்கு எட்ட வேண்டும். நாற்காலி அவன் தூக்கி வைக்கும் எடையில் இருக்க வேண்டும். இதற்கு விலையுயர்ந்த பொருட்கள் கட்டாயமில்லை. புளியங்கொட்டையை எண்ணலாம், சோளத்தையும் பயறையும் பிரிக்கலாம், சிரட்டையில் தண்ணீர் ஊற்றலாம். மாண்டிசோரி வகுப்புகளில் பூட்டைத் திறந்து மூடுவதும் ஒரு விரல் பயிற்சி. பூட்டுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லில் நாலைந்து பூட்டுகளுக்கும் சாவிகளுக்குமா பஞ்சம்?

மூன்றாவது, சொல்லித்தரும் முறை. மூன்று படிகளில் ஒரு சொல்லைக் கற்பிக்கலாம். 'இது சொரசொரப்பு, இது வழவழப்பு' என்று தொடவைப்பது முதல் படி. 'சொரசொரப்பு எது? எடுத்துத் தா' என்பது இரண்டாம் படி. 'இது என்ன?' என்று கேட்பது மூன்றாம் படி. பல வகுப்புகளில் முதல் படி முடிந்ததுமே மூன்றாம் படிக்குத் தாவிவிடுகிறோம். பதில் வராதபோது 'மக்கு' என்கிறோம். இரண்டாம் படியில் காத்திருக்கும் பொறுமையே பயிற்சியின் பயன்.

நான்காவது, உடல் வளர்ச்சி பற்றிய அறிவு. மூன்று வயதுக் குழந்தையின் மணிக்கட்டு எலும்புகள் முழுமையாக உருவாகியிருப்பதில்லை. விரல் தசைகளும் உறுதிப்பட்டிருப்பதில்லை. அந்தக் கைக்கு நான்கு பக்க வீட்டுப்பாடம் கொடுத்தால் எழுத்தின் மீது வெறுப்புதான் வளரும். மண் பிசைதல், மணி கோத்தல், துணி மடித்தல், உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவுதல் ஆகியவை எழுதுவதற்கான உண்மையான ஆயத்தங்கள்.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகளில், முன்பருவக் கல்விக்கான டிப்ளமா இரண்டு ஆண்டுப் படிப்பாக, ப்ளஸ் டூவில் 50 விழுக்காடு மதிப்பெண் தகுதியோடு வகுக்கப்பட்டது. சில வாரங்களில் சான்றிதழ் தரும் நிலையங்களும் உள்ளன. பணம் கட்டுமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இதற்கு அங்கீகாரம் தந்தது யார்? எத்தனை நாள் உண்மையான குழந்தைகளோடு வகுப்பில் இருப்போம்? இரண்டாம் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லையேல் விலகுவதே நலம்.

நமது கல்விக் கோட்பாடு

'கல்விக் கோட்பாடு' என்றதும் அறிஞர்களின் மேற்கோள்களை அடுக்கத் தோன்றும். தேவையில்லை. நான்கு கேள்விகளுக்கு நமது சொற்களில் ஒரு பக்கம் எழுதினால் போதும். குழந்தை யார்? குழந்தை எப்படிக் கற்கிறது? அதில் நமது பங்கு என்ன? பெற்றோர் நமக்கு யார்?

'ஒவ்வொரு குழந்தையும் தனித்தன்மை உடையது' என்று எழுதுவது எளிது. அப்படி எழுதியவர் நாற்பது குழந்தைகளையும் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தை எழுதச் சொன்னால், அவருடைய உண்மையான கோட்பாடு தாளில் இல்லை, வகுப்பில் இருக்கிறது. எனவே ஒவ்வொரு வாக்கியத்தின் பின்னும், 'ஆகவே திங்கட்கிழமை காலை இதைச் செய்வேன்' என்று ஒரு செயலை எழுதுங்கள். உதாரணமாக, 'பேசாத குழந்தையும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே முதல் மாதத்தில் யாரையும் எழுந்து நின்று பதில் சொல்லக் கட்டாயப்படுத்த மாட்டேன்.' செயலாக எழுத முடியாத வாக்கியத்தை அடித்துவிடலாம். ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தை எடுத்துப் படித்துத் திருத்துங்கள்.

மொழியைப் பற்றியும் ஒரு நிலைப்பாடு வேண்டும். சின்னாளபட்டிக்கு அருகே 1947-இல் டாக்டர் சௌந்தரம் அம்மாவும் ஜி. இராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம், குழந்தையின் கையையும் ஊரின் வாழ்வையும் கல்வியோடு இணைக்கும் காந்தியடிகளின் சிந்தனையில் பிறந்தது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் மூன்று முதல் எட்டு வயது வரையிலான பருவத்தை ஒரே அடித்தளப் பருவமாகக் கொண்டு, விளையாட்டு வழிக் கற்றலையும், இயன்றவரை தாய்மொழியையும் வலியுறுத்துகிறது. அக்கொள்கையின் பிற கூறுகளைப் பற்றிக் கருத்து வேறுபாடுகள் இருக்கலாம். ஆனால் வீட்டில் தமிழ் பேசும் மூன்று வயதுக் குழந்தை, கழிப்பறைக்குப் போக ஆங்கிலத்தில் அனுமதி கேட்கத் தெரியாமல் உடையை நனைத்துக்கொண்டு அழுவது எந்தக் கொள்கைக்கும் பெருமையன்று. ஆங்கிலப் பாடல் கற்கட்டும். ஆனால் அழுகையையும் பசியையும் பயத்தையும் சொல்ல அதற்குத் தமிழ் வேண்டும்.

பாதுகாப்பும் பாடத்தில் சேர்ந்ததே

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளிக் கட்டடத்தில் ஏற்பட்ட தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். தமிழகம் அந்நாளை மறக்க முடியாது. வகுப்பறைக்கு எத்தனை வாசல், மேற்கூரை எதனால் ஆனது, ஆபத்தில் குழந்தைகளை எந்த வழியில் அழைத்துச் செல்வது என்று வேலைக்குச் சேரும் முதல் நாளே கேட்பது ஆசிரியரின் உரிமையும் கடமையுமாகும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களைத் தடுக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்ததாக அறியவந்தால் புகார் செய்வது நம் விருப்பத்தைப் பொறுத்ததன்று, சட்டக் கட்டாயம். குழந்தை தன் உடம்பைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொல்லும் ஒரு வார்த்தையை நின்று கேட்கும் முதல் ஆள் பெரும்பாலும் மழலையர் ஆசிரியையாக இருப்பார்.

பெற்றோருக்கும் நிர்வாகத்தினருக்கும்

நல்ல ஆசிரியரைத் தனியே விட்டால் அவர் நிலைக்க மாட்டார். 'பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏ முதல் இசட் வரை எழுதுது' என்று பெற்றோர் நெருக்கினால், பயிற்சி பெற்றவரும் இறுதியில் கையைப் பிடித்து எழுதவைக்கத்தான் செய்வார். மாலையில் பிள்ளையிடம் 'என்ன எழுதின?' என்று கேட்பதை விட்டு, 'யாரோட விளையாடின?' என்று கேட்டுப் பாருங்கள். நிர்வாகத்தினர் நியாயமான ஊதியமும், வகுப்புக்கு அளவான குழந்தைகளும், ஓர் உதவியாளரும் தர முன்வர வேண்டும். சிறு குழந்தையை நடுவில் நிறுத்திப் பெரியவர்களுக்குப் பாடம் சொன்ன ஆண்டவரைப் பின்பற்றும் நமது நிறுவனங்களில், குழந்தைகளின் நடுவில் நிற்பவர் கடைசி இடத்தில் வைக்கப்படலாகாது.

சிந்திப்போம்

1. நமது பங்கில் மழலையர் பணிக்குச் செல்ல விரும்பும் இளையோர் முறையான பயிற்சி பெற நாம் எவ்வாறு உதவலாம்?

2. நம் வீட்டுச் சிறு பிள்ளையிடம் அவசரப்பட்டு எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்?

3. அருகிலுள்ள அங்கன்வாடிக்கோ மழலையர் பள்ளிக்கோ கடைசியாக எப்போது சென்று, அங்குள்ள ஆசிரியையிடம் 'உங்களுக்கு என்ன தேவை?' என்று கேட்டோம்?