உங்களுக்குத் தெரியுமா? ஆட்டுக்கால் ஸ்பெஷல்

கால் வேறு, நல்லி வேறு!
கறிக்கடையில் ‘ஒரு செட் கால்’ என்று கேட்டால், குளம்புப் பக்கத்து அடிக்கால் நாலும் கிடைக்கும். பாயாவுக்கும் சூப்புக்கும் அதுதான். அதற்கு மேலே, நல்லி எலும்பைச் சுற்றிச் சதை மூடியிருக்கும் துண்டு வேறு. அடிக்காலில் தோலும் சவ்வும் நரம்பும்தான் அதிகம். நல்லித் துண்டில் கறியும் உண்டு. குழம்புக்கு இதைக் கேட்டு வாங்குங்கள்.

பாயாவும் பைஜாமாவும் உறவு!
பாரசீகத்தில் ‘பாய்’ என்றால் கால். ‘ஜாமா’ என்றால் உடை. காலில் போடும் உடை பைஜாமா ஆனது. கால் வேகும் குழம்பு பாயா ஆனது. இடியாப்பத்தின் மேல் பாயாவை ஊற்றும்போது ஒரு பாரசீகச் சொல்லும் நம் தட்டில் விழுகிறது.

ஏன் இவ்வளவு கெட்டி?
ஆடு மேய்வதும் நடப்பதும் இந்தக் காலை ஊன்றித்தான். ஓயாமல் உழைக்கும் தசையைச் சவ்வு இறுக்கிக் கட்டியிருக்கும். அந்தச் சவ்வில் நிறைந்திருக்கும் புரதம் கொலாஜன். சுமார் 60 டிகிரி செல்சியஸில் அது சுருங்கத் தொடங்கும். அரைவேக்காட்டுக் கறி ரப்பர் மாதிரி இழுபடுவது அதனால்தான். சூடு 70 டிகிரியைத் தாண்டி, நேரமும் கொடுத்தால் மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டினாக மாறிவிடும்.

குக்கர் செய்யும் உதவி
திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் சுமார் 120 டிகிரி வரை போகும். சட்டியில் 2, 3 மணி நேரம் கேட்கும் நல்லித் துண்டு, குக்கரில் முதல் விசிலுக்குப் பிறகு சிறுதீயில் முக்கால் மணி நேரத்துக்குள் எலும்பை விட்டுக் கழன்று வந்துவிடும்.

உதடு ஒட்டுகிறதா?
நல்ல ஆட்டுக்கால் சூப்பைக் குடித்துவிட்டு உதட்டைச் சேர்த்துப் பாருங்கள், லேசாக ஒட்டும். மிச்ச சூப்பை ஃப்ரிட்ஜில் வைத்தால், காலையில் கிண்ணத்தை ஆட்டும்போது அல்வா போலத் தளதளவென்று ஆடும். கெட்டுப்போய்விட்டதே என்று கொட்டிவிடாதீர்கள்! காலில் இருந்த கொலாஜன் சூப்புக்குள் நன்றாக இறங்கியிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அடுப்பில் வைத்தால் பழையபடி நீர்த்துவிடும்.

தீயில் வாட்டிய கால்
கடையிலேயே வாட்டிச் சுரண்டிக் கொடுத்தாலும், வீட்டில் ஒருமுறை இடுக்கியில் பிடித்து அடுப்புத் தீயில் திருப்பித் திருப்பிக் காட்டுங்கள். குளம்பின் பிளவிலும் மூட்டின் மடிப்பிலும்தான் முடி ஒளிந்திருக்கும். கத்தியால் சுரண்டி, மஞ்சள் தூள் தேய்த்து, வெந்நீரில் கழுவினால் கவிச்சை அடங்கும்.

புரதம் எவ்வளவு?
கொழுப்பு நீக்கிய நல்லித் துண்டில், பச்சையாக இருக்கும்போது 100 கிராமுக்குச் சுமார் 20 கிராம் புரதம். வெந்த பிறகு சுமார் 30 கிராம். வேகும்போது புரதம் கூடுவதில்லை. நீர் வடிந்து கறி சுருங்குகிறது, அவ்வளவுதான். வைட்டமின் பி12, துத்தநாகம், இரும்புச்சத்து எல்லாமே இதில் உண்டு. கறியோடு கீரையும் பருப்பும் சேர்த்துச் சாப்பிட்டால், அவற்றில் உள்ள இரும்பையும் உடல் கூடுதலாக ஈர்த்துக்கொள்ளும்.

எலும்பு சூப்பில் கால்சியம்?
எலும்பு முறிந்தவருக்கு ஆட்டுக்கால் சூப் கொடுப்பது நம் வீடுகளின் அன்பான வழக்கம். ஆனால் எலும்பின் கால்சியம் வெந்நீரில் மிகக் கொஞ்சமே கரையும். ஜெலட்டினிலும் டிரிப்டோஃபான் என்ற அவசியமான அமினோ அமிலம் கிடையாது. சூப்பை ஆசையாகக் கொடுங்கள். கூடவே பால், முட்டை, கேழ்வரகு, கீரையும் கொடுங்கள். யூரிக் அமிலம் அதிகம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

விடியலில் விருந்து
டெல்லியின் புகழ்பெற்ற ‘நிஹாரி’, கால் இறைச்சியை இரவு முழுக்கச் சிறுதீயில் வேகவிட்டுக் காலையில் பரிமாறும் குழம்பு. பகலைக் குறிக்கும் ‘நஹார்’ என்ற அரபுச் சொல்லில் இருந்து வந்த பெயர். ஓர் இரவின் பொறுமைக்குப் பிறகு வரும் பகல் பெயரிலேயே இருக்கிறது.

98 நாள் பயணம்
1882 பிப்ரவரி 15. நியூசிலாந்தின் போர்ட் சால்மர்ஸ் துறைமுகத்திலிருந்து ‘டுனிடின்’ என்ற பாய்மரக் கப்பல் புறப்பட்டது. உள்ளே உறையவைத்த இறைச்சி. சுமார் 5,000 உருப்படிகள், பெரும்பாலும் செம்மறி. வெப்பமண்டலக் கடலில் குளிர்காற்று சரியாகப் பரவவில்லை. கேப்டன் ஜான் விட்சன் காற்றுக்குழாய்க்குள் தவழ்ந்துபோய்க் கூடுதல் துளைகள் போட்டார்; குளிரில் விறைத்துப்போன அவரைக் கயிறு கட்டி வெளியே இழுத்தார்கள். 98 நாள் கழித்து லண்டன் சேர்ந்தபோது, கழித்துக்கட்ட வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்.

பெரிய பானை, பெரிய ஆபத்து
‘நன்றாகக் கொதித்ததுதானே’ என்று பாயாவை இரவு முழுக்க மேடையில் விட்டுவிடாதீர்கள். குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியையும் தாங்கும். பானை மெதுவாக ஆறும் வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகும். அகலமான சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, தண்ணீர்த் தட்டில் ஆறவைத்து, 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். கோடையில் 1 மணி நேரம்தான் கெடு. வேகவைக்கக் காட்டிய பொறுமையை ஆறவைப்பதில் காட்டக் கூடாது!

எத்தனை நாள் தாங்கும்?
4 டிகிரிக்குக் கீழே, பச்சைக் கால் 3 நாள். சமைத்தது 3, 4 நாள். மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் பச்சைக் கால் 6 மாதம் வரை ருசி குறையாமல் இருக்கும். காற்றுப் புகாமல் சுற்றி, தேதி எழுதி வையுங்கள். வெளியே எடுத்து உறைநீக்க வேண்டாம்; முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால், ஞாயிறு காலை இடியாப்ப மாவு பிசையும் நேரத்துக்குக் கால் தயாராக இருக்கும்.