“போட்டாச்சு” என்றார் அப்பா

அக்டோபர் மழை. கொள்முதல் நிலைய வாசலில் குறுவை நெல் குவிந்து கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டதால் பிடிக்க மறுத்துவிட்டார்கள். வீட்டிலிருந்து அம்மாவின் போன். “எல்லாம் போட்டாச்சு. நீ சாப்பிட்டுத் தூங்கு” என்கிறார் அப்பா. பக்கத்தில் தார்ப்பாயைப் பிடித்தபடி ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன்.

அப்பா ஏன் அப்படிச் சொன்னார்? அம்மா கலங்கக்கூடாது என்பதற்காகவா? அம்மாவிடம் எதையோ திட்டமிட்டு மறைக்கிறாரா? போட்டுவிட்டதாக நிஜமாகவே நினைக்கிறாரா? அல்லது, நெல் ஈரமாக இருப்பதாலா?

காட்சி என் கற்பனை. கேள்வி கேட்கும் முறை கற்பனையல்ல. இசபெல் சியோபெக் குழுவினர் 2006-ல் வெளியிட்ட ‘மாஸ்க்’ சோதனை இப்படித்தான் நடக்கிறது. கால் மணி நேரப் படம். இடையிடையே நிறுத்தி, 45 கேள்விகள். நான்கு விடைகளில் ஒன்று சரி. மற்றவை, மனதை அளவுக்கு மீறிப் படிப்பது, குறைவாகப் படிப்பது, மனதையே பார்க்காமல் விடுவது. மனநலச் சிகிச்சையில் இருந்த பதின்வயதினரிடம் உளவியலாளர் கார்லா ஷார்ப் இதை நடத்தி 2011-ல் முடிவை வெளியிட்டார். உணர்ச்சியில் தத்தளிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் தவறியது அந்த ‘அளவுக்கு மீறிய’ விடையில்தான். இல்லாத உள்நோக்கத்தை இருப்பதாகக் கண்டார்கள்.

மனதைப் படிக்கும் திறனை அளக்க இன்னொரு வழி, வினாத்தாள். லண்டன் உளவியலாளர் பீட்டர் ஃபொனகியின் ஆய்வு மரபில் வந்தது. பதின்வயதினருக்கு 46 வாக்கியங்கள், ஆறு படிநிலைகள். அதில் வேடிக்கை என்னவென்றால், பாதி வாக்கியங்களுக்கு நடுவிலுள்ள படிகளைத் தேர்ந்தெடுத்தால்தான் அதிக மதிப்பெண். அடுத்தவர் மனம் தனக்கு முழுக்கத் தெரியும் என்பவரும் குறைவாகப் பெறுவார், துளியும் தெரியாது என்பவரும் குறைவாகப் பெறுவார். நல்ல யோசனைதான். ஆனால் நம் வகுப்பறையில் “தெரியல சார்” என்று சொல்லி எந்தப் பையன் பாராட்டு வாங்கியிருக்கிறான்? உறுதியாகச் சொல்லப் பழகிய பிள்ளை ஓரப்படியில் டிக் அடிப்பான். தாள் அளப்பது அவன் மனதையா, பள்ளிக்கூடப் பழக்கத்தையா என்பதே என் சந்தேகம்.

‘மாஸ்க்’ படத்திலும் சிக்கல் உண்டு. சனிக்கிழமை மாலை நான்கு நண்பர்கள் கூடிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆணும் பெண்ணும் கேலியும் சீண்டலுமாகப் பேசிக்கொள்கிறார்கள். ஒரத்தநாட்டுப் பிள்ளைக்கு அந்தச் சீண்டல் பிடிபடாவிட்டால் அது மனக்குறையா? பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் இந்தச் சிக்கலை உணர்ந்த இடம். அங்கு ‘சோக்ரட்டிஸ்’ என்ற சோதனைத் தொகுப்பை இந்தியச் சூழலுக்கென மாற்றி, சரிபார்த்து, 2011-ல் வெளியிட்டார்கள். அதன் முதல் நோக்கம் மனச்சிதைவு நோயாளிகள். பள்ளிப் பிள்ளைகள் அல்ல.

காவிரி டெல்டாப் பிள்ளைகள் அடுத்தவர் மனதைப் படிக்கத் தெரியாதவர்கள் அல்லர். 2024-ல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கவில்லை, ஜூலை 28-ல்தான் திறந்தது. அந்த ஆறு வாரமும் கூட்டுறவுச் சங்கத்துக் கடனைப் பற்றி யாரும் வாய்திறக்காத வீடுகளில், அம்மாவின் “ஒண்ணுமில்லடா” எதைக் குறிக்கிறது என்று கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்கு அன்றாட வேலை. அவர்கள் தடுமாறுவது தங்கள் மனதைச் சொல்லும்போதுதான். “தல வலிக்குது” என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னது. ஆகவே அளக்கத்தான் வேண்டும், நம் காட்சிகளை வைத்து. தஞ்சை மருத்துவக் கல்லூரி மனநலத் துறையும் தமிழ்ப் பல்கலைக்கழகமும் அரசுப் பள்ளி ஆசிரியர்களோடு உட்கார்ந்தால் இருபது காட்சிகள் எழுதிவிடலாம். ஒரே நிபந்தனை: அந்த மதிப்பெண் ஆலோசகரின் மேஜையோடு நிற்க வேண்டும், ரேங்க் கார்டுக்குப் போகக் கூடாது.