தனிநபர் குறுநிரல் பணிப்புத்தகம்

தனிநபர் குறுநிரல் பணிப்புத்தகம் என்பது மைக்ரோசாப்ட் எக்செல் விரிதாள் மென்பொருளில், மேக்ரோ எனப்படும் குறுநிரல்களை எல்லா விரிதாள்களிலும் பயன்படுத்தும் பொருட்டுச் சேமித்து வைக்கும் மறைநிலைக் கோப்பு ஆகும். 2003 பதிப்பு வரை இதன் பெயர் பெர்சனல்.எக்ஸ்எல்எஸ், 2007 பதிப்பிலிருந்து பெர்சனல்.எக்ஸ்எல்எஸ்பி. எக்ஸ்எல்ஸ்டார்ட் என்னும் அடைவில் இருப்பதால், எக்செல் தொடங்கும்போதே இதுவும் திறக்கப்படுகிறது.

முடக்கமும் மீட்பும்

இக்கோப்பு திறக்கப்படும் வேளையில் எக்செல் நிலைகுலைந்து மூடப்பட்டால், மறுமுறை தொடங்குகையில் இதனை முடக்கலாமா என்று மென்பொருள் வினவக்கூடும். படிக்காமலேயே 'ஆம்' எனச் சொடுக்குவோர் பலர். அதன்பின் குறுநிரல்கள் எவையும் தென்படா. கோப்பு அழிந்துவிட்டதாகக் கருதிப் புதிதாக எழுதத் தொடங்குவது வீண் உழைப்பு. கோப்பு தன் அடைவிலேயே இருக்கும்.

ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் என்ற வரிசையில் சென்று, கீழுள்ள மேனேஜ் பெட்டியில் டிஸேபிள்டு ஐட்டம்ஸ் என்பதைத் தெரிந்து 'கோ' பொத்தானை அழுத்த வேண்டும். தோன்றும் பட்டியலில் கோப்பின் பெயரைத் தேர்ந்து எனேபிள் செய்து, எக்செலை மூடித் திறந்தால் குறுநிரல்கள் மீளும். 2003 பதிப்பில் இப்பட்டியல் ஹெல்ப் பட்டியிலுள்ள அபவுட் சாளரத்தில் இருந்தது.

காப்பு நகல்

எக்செலை மூடிவிட்டு, கோப்பை வேறோர் இடத்தில் படியெடுப்பதே எளிய வழி. ஆனால் கோப்பே பழுதுபட்டிருந்தால் நகலும் பழுதாகவே இருக்கும். எனவே ஆல்ட், எஃப்11 விசைகளை ஒருசேர அழுத்தி நிரல் தொகுப்பியைத் திறந்து, ஒவ்வொரு கூறையும் எக்ஸ்போர்ட் கட்டளை மூலம் .பேஸ் உரைக்கோப்பாகவும் சேமித்தல் நன்று. இத்தொகுப்பி ஒருங்குறியை ஏற்பதில்லை. நேரடியாக இடப்படும் தமிழ் எழுத்துகள் வினாக்குறிகளாகிவிடும். ஆதலால் சிஎச்ஆர்டபிள்யூ சார்பில் எழுத்தின் எண்ணைத் தர வேண்டும். 'க' எழுத்துக்கு 2965. இவ்வாறு எழுதிய நிரல் உரைக்கோப்பிலும் சிதையாது.

நகலை அதே கட்டடத்தின் மற்றொரு கணினியில் வைப்பது போதாது. 2023 திசம்பர் 17, 18 நாட்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது. தாமிரபரணி பெருகித் திருநெல்வேலி சந்திப்புப் பகுதியில் வெள்ளம் புகுந்தது. தரைத்தளத்தில் கணினி வைத்திருப்போர்க்கு, ஆற்றங்கரையை விட்டு விலகிய ஊரிலோ இணையச் சேமிப்பிலோ உள்ள நகலே கைகொடுக்கும்.

மீட்கும்போது பழைய பெயரிலேயே கோப்பை எக்ஸ்எல்ஸ்டார்ட் அடைவில் இட வேண்டும். பெயர் மாறினால், குறுநிரல்களுக்கென அமைத்த பொத்தான்கள் இயங்கா. அப்பொத்தான்களின் அமைப்பு வேறொரு கோப்பில் இருப்பதால், அதனையும் கஸ்டமைஸ் ரிப்பன் பகுதியிலிருந்து தனியே ஏற்றுமதி செய்து வைக்க வேண்டும்.