பழஞ்சரக்கும் புதுச்சரக்கும்: போர்ச்சுகல் திராட்சை விவசாயிகள் புகட்டும் பாடம்

நம் சங்கங்களின் மகாசபைக் கூட்டங்களில் ஆண்டுதோறும் தவறாது எழும் வினா ஒன்றுண்டு. "இலாபம் வந்திருக்கிறது, அதனை முழுவதும் உறுப்பினர்க்குப் பங்கிட்டுவிட்டால் என்ன? சேமநிதி என்று பூட்டி வைப்பது யாருக்காக?" என்பதே அவ்வினா. சட்டப் பிரிவைக் காட்டி விடை கூறிவிடலாம். ஆனால், சட்டத்தைக் கேட்டு வாயடங்கியவர் எல்லாரும் மனம் ஒப்பியவர் ஆகார். ஆதலின், இம்முறை சட்டப் புத்தகத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, போர்ச்சுகல் நாட்டில் பல ஆண்டுகளின் சிவப்புத் திராட்சை மதுவை ஒன்றாகக் கலக்கும் முறையை அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம். மதுவைப் புகழும் எண்ணம் நமக்கில்லை. அதன் பின்னே நிற்கும் இருப்புக் கணக்கே நம்மைக் கவர்ந்தது.

போர்ச்சுகலின் வடபகுதியில் டோரோ என்னும் ஆறு ஓடுகிறது. அதன் இருகரைகளிலும் செங்குத்தான மலைச்சரிவுகள். பாறையை உடைத்துப் படிப்படியாக அமைத்த திராட்சைத் தோட்டங்கள். இங்கே விளையும் திராட்சையிலிருந்துதான் 'போர்ட்டு' என்னும் மது பிறக்கிறது. சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே, அதனோடு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அளவு திராட்சைச் சாராயத்தைச் சேர்ப்பர். புளிப்பு நின்றுவிடும், பழத்தின் இனிமை எஞ்சும். பின்னர் அது மரப் பீப்பாய்களில் உறங்கத் தொடங்கும்.

பயிர்த்தொழில் செய்வோர்க்கு நாம் கூறவேண்டுவதில்லை: ஓர் ஆண்டைப்போல் மற்றோர் ஆண்டு இராது. ஓராண்டு வெயில் மிகுந்து சாறு கெட்டியாகும். மற்றோராண்டு அறுவடை நேரத்தில் மழை பெய்து சாறு நீர்த்துப்போகும். மிகச் சிறந்த ஆண்டுகளின் மதுவை மட்டும், அந்த ஆண்டின் பெயரிட்டுத் தனியே புட்டியில் அடைப்பர். அத்தகைய ஆண்டு பத்தாண்டுக் காலத்தில் மூன்று முறை வந்தால் பெரிது. அப்படியாயின் மற்ற ஏழு ஆண்டுகளின் உழைப்பு என்னாவது? அதற்கு அவர்கள் கண்ட வழிகளுள் ஒன்றே பல்லாண்டுக் கலவை.

'டானி' என்று வழங்கும் போர்ட்டு மது இவ்வகையினது. பீப்பாயின் மரத்தினூடே காற்று மெல்ல மெல்ல உட்புகுவதால், கருஞ்சிவப்பாக இருந்த மது செங்கல் நிறமாகிப் பின் பழுப்பு நிறமாகிறது. புதிய மதுவில் பழத்தின் மணமும் துடிப்பும் உண்டு. பழைய மதுவில் உலர்ந்த பழம், கொட்டைப் பருப்பு இவற்றின் சுவையும் ஆழமும் உண்டு. கலப்பவர் பல பீப்பாய்களிலிருந்து சிறு சிறு அளவு எடுத்து, அளவுக் குழாயில் சேர்த்து, முகர்ந்தும் சுவைத்தும் பார்ப்பார். முன்னர் விற்ற கலவையின் மாதிரி அவர் அருகில் இருக்கும். புதிய கலவை அதனோடு ஒத்திருக்க வேண்டும். நம் சாயப்பட்டறைகளில் பழைய நூலின் துண்டை வைத்துக்கொண்டு புதுச் சாயத்தை ஒப்புநோக்குகிறோம் அல்லவா? அதே முறைதான்.

இக்கலவைகள் 10, 20, 30, 40 ஆண்டு என்று குறியிட்டு விற்பனைக்கு வருகின்றன. கணக்கு விளங்குதற் பொருட்டு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். 12 ஆண்டுச் சரக்கு 500 லிட்டர், 24 ஆண்டுச் சரக்கு 300 லிட்டர், 34 ஆண்டுச் சரக்கு 200 லிட்டர் ஆகியவற்றைக் கலந்தால், கிடைக்கும் 1,000 லிட்டரின் சராசரி வயது 20 ஆண்டு. ஆயினும் கூட்டல் கழித்தல் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அந்த வயதுக்குரிய சுவையும் நிறமும் உள்ளனவா என்று அரசுசார் நிறுவனத்தின் சுவை நிபுணர் குழு சோதித்த பின்னரே முத்திரை கிட்டும்.

இனி, அந்த 34 ஆண்டுச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பாருங்கள். 34 ஆண்டுகளுக்கு முன் ஒருவர், நல்ல விலை வந்த நாளில், ஒரு பீப்பாயை விற்காமல் ஒதுக்கி வைத்தார், அதனாலன்றோ வந்தது! அவர் சும்மா வைத்திருக்கவுமில்லை; நட்டத்தோடு வைத்திருந்தார். பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகும். இவ்விகிதப்படி 1,000 லிட்டர் 20 ஆண்டில் 670 லிட்டர் அளவாகவும், 40 ஆண்டில் 450 லிட்டருக்கும் குறைவாகவும் சுருங்கிவிடும். இந்த இழப்பைத் தாங்கினால்தான் மோசமான ஆண்டிலும் வாடிக்கையாளரிடம் கொடுத்த வாக்கைக் காக்க முடியும். மேலும், பழஞ்சரக்கில் எடுத்த அளவுக்கேற்பப் புதுச்சரக்கை ஒதுக்கி வராவிடில், ஒருநாள் கலப்பதற்கே ஒன்றும் இராது. இதனை உணர்ந்தே, ஒரு வணிக நிலையம் தன் இருப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஓராண்டில் விற்கலாகாது என்ற விதியை 20-ஆம் நூற்றாண்டில் அங்கு ஏற்படுத்தினர்.

கலப்பது என்றவுடன் கலப்படம் என்று ஐயுறுவோரும் உளர். அவ்வையம் வீணன்று. 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நீர்த்த மதுவுக்கு நிறமூட்ட, 'எல்டர்' என்னும் செடியின் கரிய கனிச்சாற்றைச் சேர்த்தனர். போர்ட்டு மதுவின் பெயரே கெட்டு, விலை விழுந்தது. அப்போது அந்நாட்டின் முதல் அமைச்சராக விளங்கியவர் பின்னாளில் பொம்பல் பிரபு எனப் பெயர் பெற்றவர். 1756-இல் அவர் ஒரு கம்பெனியை நிறுவி, திராட்சை நிலத்தின் எல்லையை வரையறுக்கச் செய்தார். எல்லையில் கருங்கல் தூண்கள் நடப்பட்டன. எல்டர் செடிகளைப் பிடுங்கி எறிய உத்தரவு பிறந்தது. இன்றும் வயதுக் குறியிட்ட புட்டிகளில், மரப்பீப்பாயில் முதிர்ந்தது என்பதும், புட்டியில் அடைத்த ஆண்டும் எழுதப்படுகின்றன. கலவை என்பதை மறைக்காமல் சொல்லி விற்பது வாணிபம். மறைத்து விற்பது வஞ்சகம்.

இப்பள்ளத்தாக்கின் வரலாற்றில் நமக்கு எச்சரிக்கையும் உண்டு. 1932-இல் 'காசா டோ டோரோ' என்னும் விவசாயிகள் அமைப்பு தோன்றியது. தோட்டங்களைப் பதிவு செய்தது. மிகுதியான மதுவை வாங்கி இருப்பு வைத்து விலை வீழ்ச்சியைத் தடுத்தது. அதன் கிடங்கில் அரும் பழஞ்சரக்குச் சேர்ந்தது. ஆனால், 1990-இல் அவ்வமைப்பு ஒரு பெரிய மது வணிகக் கம்பெனியின் சுமார் 40 சதவீதப் பங்குகளை வாங்கப் புகுந்து பெருங்கடனில் சிக்கியது. தலைமுறைகள் சேர்த்த பழஞ்சரக்கு அரசுக்குக் கடன் ஈடாயிற்று. 2014-இல் அதன் பொது அமைப்புத் தகுதியே ஒழிக்கப்பட்டது. 2024-இல்தான் ஒரு சட்டத்தால் மீண்டும் உயிர் பெற்றது. சேமிப்பைச் சேர்ப்பதற்கு வேண்டிய பொறுமையைப் போலவே, அதனை வேற்று ஆசைக்குப் பணயம் வைக்காத உறுதியும் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இப்போது முதல் வினாவுக்கு வருவோம். சேமநிதி யாருக்காக? நூல் விலை ஏறி நெசவாளர் கைக்குத் தறி வேலை கிடைக்காத ஆண்டுக்காக. மழை பொய்த்து விவசாயி தவணை கட்ட இயலாத ஆண்டுக்காக. அந்த ஆண்டு வரும்போது, இன்று நாம் ஒதுக்கியதே நமக்குக் கலந்துகொள்ளக் கிடைக்கும் பழஞ்சரக்கு. ஆகவே உறுப்பினர்களே, அடுத்த மகாசபையில் "ஏன் ஒதுக்கினீர்கள்?" என்று கேட்பதோடு அமையாதீர்கள். "ஒதுக்கியது எங்கே இருக்கிறது? எதில் முதலீடு செய்யப்பட்டுள்ளது? யார் அனுமதித்தார்கள்?" என்றும் கேளுங்கள். கணக்குப் புத்தகத்தைக் காட்டுமாறு வேண்டுங்கள். காட்டத் தயங்காத சங்கமே நும் பிள்ளைகளின் காலத்திலும் நிலைக்கும்.