குளிர மறந்த குளிர்பதனப் பெட்டி

சென்ற சித்திரை மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை. மாவுப் பாத்திரத்தைத் திறந்த என் தாயார் பேசாமல் நின்றார்கள். மாவு பொங்கி வழிந்து, புளித்துக் கிடந்தது. இட்லி மாவு அரைத்து விற்பதே எங்கள் பிழைப்பு. பழைய விலைக்கு வாங்கிய ஒற்றைக் கதவுக் குளிர்பதனப் பெட்டிதான் அதற்கு மூலதனம்.

பழுது பார்ப்பவர் வந்தார். உள்ளே கையை விட்டுப் பார்த்தார். "கேஸ் தீர்ந்து போச்சும்மா, மூவாயிரம் ஆகும்" என்றார். அது தங்கைக்காகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். அம்மா என் பக்கம் திரும்பி, "நீ இதைத்தானே காலேஜிலே படிக்கிறே? அப்படித்தானாப்பா?" என்றார்கள். வெப்ப இயக்கவியலில் நல்ல மதிப்பெண் பெற்ற எனக்கு விடை தெரியவில்லை!

அன்றிரவு பாடத்தை மறுபடி புரட்டினேன். குளிர்பதனப் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை; உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே கொண்டுவந்து கொட்டுகிறது. மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும் இதே தத்துவத்தால்தான். திரவம் ஆவியாகும்போது சுற்றுப்புறத்திலிருந்து உள்ளுறை வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. பானையின் ஆவி காற்றோடு போய்விடும். பெட்டியிலோ, கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்திப் பின்புறக் கம்பிச் சுருளுக்கு அனுப்புகிறது. அங்கே அது வெப்பத்தை அறைக்குள் விட்டுத் திரவமாகிறது. பின் நுண்குழாய் வழியே அழுத்தம் குறைந்து, ஃபிரீசரில் மீண்டும் ஆவியாகிறது. 1834-இல் ஜேக்கப் பெர்கின்ஸ் காப்புரிமை பெற்ற சுழற்சி இதுவே.

இது மூடிய சுழற்சி. ஆகவே ஸ்கூட்டரில் பெட்ரோல் தீர்வதுபோல் கேஸ் தீராது. குறைந்திருந்தால் எங்கோ கசிவு உண்டு. கசிவை அடைக்காமல் கேஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதே ஆகும்.

கசிவுக்கு அடையாளங்கள் உண்டு. கம்ப்ரசர் ஓயாமல் ஓடும். ஆனால் பின்புறச் சுருள் சூடேறாது. ஃபிரீசரில் ஒரு மூலையில் மட்டும் பனி படியும். எங்கள் பெட்டியிலோ சுருள் கொதித்தது. ஃபிரீசரில் நாற்புறமும் இரண்டு விரல் கனத்துக்குப் பனி. ஆகவே கேஸ் போகவில்லை என்று துணிந்தேன்.

இவ்வளவு பனி எங்கிருந்து வந்தது? கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தேன். தடையின்றி வந்துவிட்டது. ரப்பர் பட்டை ஒருபுறம் வளைந்திருந்தது. அவ்வழியே ஈரக்காற்று புகுந்து பனியாக உறைந்திருக்கிறது. பனி வெப்பத்தை எளிதில் கடத்தாது. போர்வைபோல் ஃபிரீசரை மூடிவிட்டது. குளிர்ச்சி குறைகிறதே என்று தெர்மோஸ்டாட்டை உச்சத்தில் வைத்தவன் நானே! அதனால் பனி மேலும் ஏறியதுதான் மிச்சம். போதாக்குறைக்குச் சுருளில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும்; பெட்டியோ சுவரை ஒட்டி நின்றது.

மின்சாரத்தைத் துண்டித்து, பனி தானாக உருகும்வரை காத்திருந்தோம். கத்தியால் குத்திப் பெயர்க்க வந்த அம்மாவைத் தடுத்தேன். அலுமினியத் தகட்டில் துளை விழுந்தால், அப்போது உண்மையாகவே கேஸ் போய்விடும். சுருளைத் துடைத்தேன். ரப்பரை வெந்நீர்த் துணியால் ஒற்றி நிமிர்த்தினேன். பெட்டியை அரை அடி முன்னுக்கு இழுத்தேன். மறுநாள் அரைத்த மாவு அதற்கடுத்த காலையில் புளிக்கவில்லை.

பனி உறையாத வகைப் பெட்டிகளில், ஃபிரீசர் குளிர்ந்து கீழ்த்தட்டு குளிராவிட்டால், உள்விசிறியையோ பனி உருக்கும் சூடேற்றியையோ ஐயுறலாம். கம்ப்ரசர் 'டக்' என்று முயன்று முயன்று நின்றால் குறைந்த மின்னழுத்தமோ ரிலே பழுதோ காரணமாகலாம். நிறுத்தியவுடன் மீண்டும் இயக்காமல் ஐந்து நிமிடம் பொறுத்தல் நலம்.

ஆனால் குழாயை வெட்டுவதும் பற்றவைப்பதும் நம் வேலையல்ல. பல புதிய பெட்டிகளில் ஓடும் ஐசோபியூட்டேன் தீப்பற்றக்கூடியது. அங்கே பயிற்சி பெற்ற தொழிலாளியின் கைதான் வேண்டும். அவரிடம், "கசிவு எங்கே?" என்று கேட்கும் அளவுக்கு நமக்கு விவரம் தெரிந்தால் போதும்.

நண்பர்களே! எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். தேர்வுத்தாளில் எழுதிய விதி அடுப்படியில் பயன்பட்ட அன்றுதான், படிக்கிறேன் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது. உங்கள் வீட்டுப் பெட்டியின் பின்புறத்தையும் ஒருமுறை பாருங்கள்.