துப்பாக்கிக் குண்டின் வேகம்

திருவள்ளூர் மாவட்டத்தை அளவுகோலை நம்பி வாழும் மாவட்டம் என்று சொன்னால் மிகையாகாது. வடக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கிக் கம்பியாக்குகிறார்கள். தெற்கே ஆவடியில், 1961ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து, 1965 டிசம்பரில் முதல் 'விஜயந்தா' டாங்கி வெளிவந்தது. கம்பியின் கனத்தையும் டாங்கித் தகட்டின் தடிப்பையும் கருவி கொண்டு அளந்துவிடலாம். அளப்பவன் முன் அவை அசையாமல் கிடக்கின்றன. ஆனால் துப்பாக்கியிலிருந்து புறப்பட்ட குண்டு, நில் என்றால் நிற்குமா? கண்ணிமைக்கும் நேரத்தில் அது நூறு மீட்டர் கடந்துவிடுகிறது. அதன் வேகத்தை அளப்பது எப்படி? அளக்கும் கருவியை, கையில் உள்ள சிறு பணத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுப்பது எப்படி? இவற்றையே இன்று ஆராய்வோம்.

முதலில், அளக்க வேண்டிய தேவை என்ன என்று கேட்கலாம். ஒரு தோட்டாவில் நான்கு உறுப்புகள் உண்டு: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீமூட்டும் கேப்பு, உள்ளே வெடிமருந்து, வாயில் ஈயக்குண்டு. அமெரிக்கா முதலிய நாடுகளில் இலக்குச் சுடும் போட்டியாளர் பலர், சுட்டு முடிந்த கூட்டை எறிந்துவிடாமல் மீண்டும் தம் கையாலேயே நிரப்பிக்கொள்கிறார்கள். மருந்து சற்று மிகுந்தால் குழலுக்குள் அழுத்தம் வரம்பு மீறும். துப்பாக்கியே வெடித்துச் சுடுபவரின் கையையும் கண்ணையும் பறிக்கக்கூடும். மருந்து குறைந்தாலோ, குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதை அறியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் அதே விபத்து நேரும். குழலுக்குள் நடப்பதை நாம் காண இயலாது. வெளியே வரும் குண்டின் வேகமே உள்ளே நடந்ததை உரைக்கும் சாட்சி.

இந்தச் சாட்சியை முதன்முதலில் நம்பத்தக்க முறையில் விசாரித்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர். 1742இல் அவர் வெளியிட்ட பீரங்கி இயல் நூலில் 'குண்டு ஊசல்' என்ற கருவியை விளக்கினார். அந்த நூலை மாபெரும் கணித மேதை ஆய்லர் 1745இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்து உரையும் எழுதினார். இத்தகைய ராபின்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீர்ப்படுத்தும் பொறுப்பேற்று 1750இல் நம் நாட்டுக்கு வந்தார். மறு ஆண்டே, 1751 ஜூலையில், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையில் உயிர் நீத்தார். குண்டின் வேகத்தை அளந்த அறிஞரின் வாழ்வு தமிழகத்துக் கடற்கரையில் முடிந்தது என்பதை நம் மாணவர் பலர் அறியார்.

அவருடைய கருவி மிக எளியது. ஒரு மரக்கட்டையை ஊசல்போல் தொங்கவிட்டு அதன்மேல் சுட வேண்டும். குண்டு கட்டைக்குள் புதைந்து நிற்க, கட்டை பின்னோக்கி ஆடும். எவ்வளவு தூரம் ஆடியது என்பதை, கட்டையில் பிணைத்த நாடா வெளியே இழுபட்ட நீளம் காட்டிவிடும். 10 கிராம் குண்டு, தன்னையும் சேர்த்து 3 கிலோகிராம் எடையாகும் கட்டையில் புதைகிறது என்று கொள்வோம். மொத்த எடை குண்டின் எடையைப்போல் 300 மடங்கு. கட்டை சுமார் 5 சென்டிமீட்டர் உயர எழும்பினால், அது புறப்பட்ட வேகம் விநாடிக்கு 1 மீட்டர். ஆகவே குண்டின் வேகம் விநாடிக்கு 300 மீட்டர்! பிடிக்க முடியாத பெரு வேகத்தைப் பிடிக்கக்கூடிய சிறு வேகமாக மாற்றியதே ராபின்ஸின் அறிவு நுட்பம். காற்று குண்டைத் தடுக்கும் விசை, அதுவரை அறிஞர்கள் எண்ணியிருந்ததைவிட மிக மிகப் பெரிது என்பதும் இதனால் வெளிப்பட்டது. ஒரு கட்டையும் ஒரு நாடாவும் சாதித்த காரியம் இது.

நூறு ஆண்டுகளுக்குப் பின் மின்சாரம் துணைக்கு வந்தது. 1860களில் பெல்ஜியப் பீரங்கிப் படையைச் சேர்ந்த லெ பூலாஞ்சே, குண்டு இரண்டு கம்பித் திரைகளை ஒன்றன்பின் ஒன்றாக அறுத்துச் செல்லுமாறு அமைத்தார். இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தை, கீழே விழும் ஒரு கோலின்மேல் விழுந்த குறியைக்கொண்டு கணித்தார். தூரத்தைக் காலத்தால் வகுத்தால் வேகம். இன்று 'குரோனோகிராப்' என்று விற்கப்படும் வேகமானிகளில் பெரும்பாலானவை இக்கொள்கையின் வழி வந்தவையே. கம்பித் திரைக்குப் பதிலாக இரண்டு ஒளிக்கண்கள் இருக்கின்றன. ஆலைகளில் நகரும் பட்டையின்மேல் செல்லும் பெட்டிகளை எண்ணும் ஒளிக்கண்ணுக்கு இவை உறவு. குண்டின் நிழல் முதற்கண்ணில் விழும்போது கடிகாரம் ஓடத் தொடங்குகிறது; இரண்டாம் கண்ணில் விழும்போது நிற்கிறது.

இந்த வகையே விலை குறைந்தது. விலை குறைவு என்பதால் இதனை இகழலாமா? கணக்கிட்டுப் பார்ப்போம். கண்களுக்கிடையே 60 சென்டிமீட்டர் என்றால், 300 மீட்டர் வேகக் குண்டு அதைக் கடக்க விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு போதும். இச்சிறு காலத்தை அளப்பது இன்று கடினமன்று. மலிவான மின்னணுக் கடிகாரமும் விநாடியைப் பத்து லட்சம் கூறாக்க வல்லது. பிழை பிறப்பது வேறிடங்களில். கண்களின் இடைவெளி 3 மில்லிமீட்டர் தவறினால் விடை அரை சதவீதம் தவறும். குண்டு 5 பாகை சாய்ந்து சென்றால் பாதை நீண்டு, வேகம் ஏறத்தாழ 0.4 சதவீதம் குறைவாகத் தோன்றும். உச்சி வெயில் நேராகக் கண்ணில் பட்டால் நிழல் புலப்படாது. அதற்காகவே மேலே வெண்ணிறத் தடுப்பு வைக்கிறார்கள். குழல்விளக்கின் கீழ் வைத்தால் அதன் துடிப்பைக் கருவி குண்டென்று மயங்கக்கூடும். துப்பாக்கிக்கு மிக நெருங்கி வைத்தாலோ, வெடிப்பின் அதிர்ச்சியும் புகையும் ஏமாற்றும்.

குழலின் முனையில் கட்டிக்கொள்ளும் காந்த வகையும் உண்டு. வெயிலும் விளக்கும் அதைக் குழப்பா. ஆனால் அதன் எடை குழலின் அதிர்வை மாற்றுவதால், வேகம் பார்க்கும்போதே குறியும் பார்க்க இயலாது. மூன்றாவது, ராடார் வகை. கும்மிடிப்பூண்டி வழியே செல்லும் கொல்கத்தா நெடுஞ்சாலை போன்ற சாலைகளில் காவலர் வண்டி வேகம் பார்க்கும் ராடாரின் கொள்கையே இதற்கும் அடிப்படை. 2023இல் கார்மின் நிறுவனம் உள்ளங்கை அளவிலேயே ஒன்றைக் கொண்டுவந்தது. வசதி மிகுதி, விலையும் மிகுதி.

எதை வாங்கினாலும் ஒரே ஒரு சுடுதலை நம்பக்கூடாது. ஒரு வகைத் தோட்டா 298, 301, 300, 299, 302 என்று காட்டுகிறது. மற்றொன்று 280, 320, 300, 290, 310 என்று காட்டுகிறது. இரண்டின் சராசரியும் 300தான். ஆயினும் முன்னதன் வேறுபாடு 4. பின்னதன் வேறுபாடு 40. காற்றுத் தடையை நீக்கிக் கணக்கிட்டாலும், நூறு மீட்டர் தொலைவில் 280 வேகக் குண்டு 320 வேகக் குண்டைவிடச் சுமார் 15 சென்டிமீட்டர் தாழ்ந்து படும். ஆகவே சராசரி மட்டும் போதாது, ஒழுங்கும் வேண்டும். நாளின் வெப்பத்தையும் குறித்து வைக்க வேண்டும். பொதுவாக வெடிமருந்து வெப்பத்தில் விரைந்து எரியும். மே மாதத்துத் திருவள்ளூர் அளவும், கார்டைட் தொழிற்சாலை அமைந்த நீலகிரி அருவங்காட்டின் குளிர்கால அளவும் ஒன்றாக இரா.

மாணவர்களே, நம் நாட்டில் உரிமம் இன்றித் தோட்டா செய்வது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆனால் அளவிடும் கலையைக் கற்கத் தோட்டா எதற்கு? இரண்டு ஒளிக்கண்களை 10 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்துங்கள்; அவற்றின் நடுப்புள்ளிக்கு 1.25 மீட்டர் மேலிருந்து ஒரு கோலியை நழுவவிடுங்கள். அங்கே அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் இருக்க வேண்டும். இடைவெளியைக் கடக்க விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு ஆக வேண்டும். கருவி அவ்வாறு காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாவிடில் பிழை எங்கே என்று தேடுங்கள்.

தெரிந்த ஒன்றைக்கொண்டு கருவியைச் சோதித்த பின்னரே, தெரியாத ஒன்றை அதனிடம் கேட்க வேண்டும். இதைச் செய்பவனுக்கு மலிவான கருவியும் மெய் சொல்லும். செய்யாதவனுக்கு விலையுயர்ந்த கருவியும் வெறும் எண்களையே காட்டும்.